பழைய பக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள்

பொதுமக்கள் சேவைக்கான இணையதளங்களை நடத்தும் அலுவலர்களுக்கும், அவற்றைச் செய்து தரும் மென்பொருள் நிறுவனத்தாருக்கும்,

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். ஒன்பது வருடம் என் வீட்டுக்கான ஒரு கட்டணத்தை நானே, என் மேசையில் உட்கார்ந்து, என் கணினியிலிருந்து கட்டி வந்தேன். போன வருடம் அந்த இணையதளத்தைப் புதுப்பித்தீர்கள். அன்றிலிருந்து என்னால் கட்ட முடியவில்லை. எனக்குப் பார்வை கிடையாது.

எந்த அலுவலகம் என்று இங்கே பெயர் போடவில்லை. போட்டால் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் ஒட்டுப் போட்டுவிட்டு, மற்றவர்கள் "இது நமக்கில்லை" என்று நகர்ந்துவிடுவீர்கள். இந்த இரண்டு வருடத்தில் நான் திறந்து, தோற்று, மூடிய தளங்கள் பல. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழைய பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்வை உள்ளவர்கள் அதை "கலரே இல்லை சார், பழைய காலத்துப் பக்கம்" என்பார்கள். இருக்கலாம். அதில் எண் போட ஒரு கட்டம், எந்த வருடம் என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல், "தொடர்க" என்று ஒரு பொத்தான், இவ்வளவுதான். டேப் விசையை மூன்று முறை தட்டினால் கட்டம் வரும். "இணைப்பு எண்" என்று கணினி வாசிக்கும். எண்ணைப் போட்டு, மறுபடி டேப், வருடம், மறுபடி டேப், என்டர். தொகை வாசிக்கப்படும். இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். என் வீட்டு மாடிப்படி எத்தனை என்று காலுக்குத் தெரிகிற மாதிரி அந்தப் பக்கம் என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். முப்பது வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது பார்வை. பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வைத்திருக்கிறேன். திரையில் இருப்பதை அது குரலில் சொல்லும். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் தொடங்கியது. இலவசம். உங்கள் அலுவலகக் கணினியிலும் பத்து நிமிடத்தில் போட்டுக் கேட்கலாம். இந்த மடலைப் படிப்பதற்கு முன்பே யாராவது ஒருவர் அதைச் செய்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

இப்போது புதிய பக்கம். திறந்ததும் என்விடிஏ "எடிட், பிளாங்க்" என்கிறது. அடுத்த கட்டம், "எடிட், பிளாங்க்". அதற்கடுத்ததும் அதேதான். எதில் பெயர், எதில் எண், எதில் கைபேசி எண்? கட்டத்துக்கு மேலே அழகான எழுத்தில் எழுதியிருக்கிறதாம். ஆனால் அந்த எழுத்துக்கும் கட்டத்துக்கும் முடிச்சுப் போடாமல் விட்டிருக்கிறீர்கள். பார்க்கிற கண்ணுக்கு, எழுத்து கட்டத்தின் பக்கத்தில் இருந்தால் போதும். காதுக்கு அது போதாது. நிரலில் ஒரு வரி சேர்த்தால் கட்டத்துக்குப் பெயர் வந்துவிடும்.

எல்லோரும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்றீர்கள். சரி என்று உட்கார்ந்தேன். பிறந்த தேதி கேட்டது. தட்டச்சு செய்ய விடவில்லை, நாட்காட்டி ஒன்று திறந்தது. அது இந்த மாதத்தில் நிற்கிறது. நான் பிறந்தது 1973. பின்னால் போகிற அம்பு வெறும் படம், விசைப்பலகைக்கு அகப்படாது. தங்கை மகன் மவுஸை வைத்து அழுத்தினான். ஒவ்வொரு மாதமாகப் பின்னால் போக வேண்டும் என்றால் 600 முறைக்கு மேல் அழுத்த வேண்டும். வருடத்தைத் தாவுவதற்கு எங்கோ ஒளிந்திருந்த வழியை அவனே கால் மணி நேரம் தேடித்தான் கண்டுபிடித்தான். அப்புறம் வளைந்த எழுத்துகள் உள்ள ஒரு படம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தட்டச்சு செய்ய வேண்டும். என்விடிஏ அதை "கிராஃபிக்" என்கிறது. ஒலியில் கேட்க வழி வைக்கவில்லை. கடைசியில் "சமர்ப்பி" என்று இருக்கிறதாமே, அது பொத்தானே இல்லை. ஒரு பெட்டிக்கு நீலம் பூசி, மவுஸ் பட்டால் ஸ்கிரிப்ட் (பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்) ஓடுகிற மாதிரி செய்திருக்கிறீர்கள். டேப் தட்டினால் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. என் கணினிக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று நிரலில் குறித்திருக்கிறது, எழுதியிருப்பதோ தமிழ். அதனால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கிறது. தமிழ் என்று ஒரு குறிப்பு இருந்தால் தமிழ்க் குரலுக்கு மாறிவிடும். நம் ஊர் மக்களுக்காகத் தமிழில் செய்த பக்கம் தமிழ் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லையே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஆக, இப்போது நான் லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறேன். போன மழையில் ஒரு நாள் போனதைச் சொல்கிறேன். கடைக்குள் நாலைந்து பேர், ஈரக் குடைகள், ஜெராக்ஸ் இயந்திரத்தின் சூடு. கடைத் தம்பி நல்ல பையன், என்னை முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தான். "சார், நம்பர் சொல்லுங்க." சொன்னேன். "பாஸ்வேர்டு சொல்லுங்க சார்." குனிந்து மெதுவாகச் சொன்னேன். மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன். பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. அப்புறம் கைபேசியில் ஓடிபி வந்தது. என் கைபேசியின் குரல் அந்தக் குறுஞ்செய்தியைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தது: ஆறு எண், அதைத் தொடர்ந்து, "இதை யாரிடமும் பகிர வேண்டாம்."

அந்தக் குறுஞ்செய்தி உங்களுடையது. யாரிடமும் சொல்லாதே என்று ஒரு கையால் எழுதுகிறீர்கள். சொல்லாமல் கட்டவே முடியாத பக்கத்தை இன்னொரு கையால் செய்து வைத்திருக்கிறீர்கள். அந்தத் தம்பி மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. என் பாஸ்வேர்டு இன்னொருவருக்குத் தெரிய வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தது யார் என்றுதான் கேட்கிறேன்.

மின்னஞ்சல் இரண்டு போட்டேன். பதில் இல்லை. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். பேசிய பெண் பொறுமையாகத்தான் பேசினார். "வேற பிரவுசர்ல முயற்சி பண்ணுங்க சார்" என்றார். செய்துவிட்டேன் என்றேன். "ஆப் டவுன்லோடு பண்ணிக்கோங்க சார்." அதையும் செய்தேன் அம்மா, அதில் எந்தப் பொத்தானுக்கும் பெயரே இல்லை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வீட்டுல கண்ணு தெரியறவங்க யாராவது இருந்தா செய்யச் சொல்லுங்க சார்." அவரிடம் கோபப்பட என்ன இருக்கிறது? வேறு என்ன சொல்லலாம் என்று நீங்கள் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் நிரலாளர்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. ஸ்கிரிப்ட் இருந்தாலே திரைவாசிப்பான் படிக்காது என்று நான் சொல்லவில்லை. படிக்கும். ஒழுங்காக எழுதிய ஸ்கிரிப்ட் எனக்கு உதவியும் செய்யும். என் புகார் வேறு. நீங்கள் ஸ்கிரிப்டை மேல்பூச்சாக வைக்கவில்லை, அஸ்திவாரமாகவே வைத்துவிட்டீர்கள். படிவமும் கட்டமும் பொத்தானும் இணையத்தில் புதியவை இல்லை. இணையப் பக்கங்களை எழுதும் மொழியில், 1995-ல் வந்த எச்டிஎம்எல் 2.0-விலேயே இருக்கின்றன. உலாவிக்கு, அதாவது பிரவுசருக்கு, அவற்றைத் தெரியும், திரைவாசிப்பானுக்கும் தெரியும். அந்த வீட்டை இடித்துவிட்டு, அதே வடிவத்தை ஸ்கிரிப்டால் வரைந்து காட்டுகிறீர்கள். ஸ்கிரிப்ட் வந்து சேராவிட்டாலோ, பாதியில் நின்றாலோ, அங்கே வெறும் வெள்ளைத் திரைதான்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் பெரும்பாலும் கேட்காது. குரல் அவருக்குப் பயன்படாது. அவருடைய கணினியில் லினக்ஸ் இயங்குதளம், அதோடு ஒரு பிரெயில் பலகை. ஒரு வரிக்கு 40 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் சின்னச் சின்ன ஊசிகள் எழும்பி இறங்கும், விரலை இடமிருந்து வலமாக ஓட்டிப் படிப்பார். பாரிசில் படித்த லூயி பிரெயில் என்ற பையன் 1824-ல், 15 வயதில் உருவாக்கிய அதே ஆறு புள்ளிகள்தான் நம் தமிழ்ப் பிரெயிலுக்கும். அவர் இணையத்தைப் பார்ப்பது லிங்க்ஸ் என்ற உலாவியில். 1992-ல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, எழுத்தை மட்டும் காட்டும். ஸ்கிரிப்ட் ஓட்டாது. பிரெயில் பலகையோடு அவருக்கு ஒத்துவருவது அதுதான்.

உங்கள் பழைய பக்கத்தில் அவரும் கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பார். புதிய பக்கம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். என் கையைப் பிடித்துப் பலகை மேல் வைத்தார். எனக்குப் பிரெயில் வேகமாக வராது, தடவித் தடவிப் படித்தேன். ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம். இந்தச் செயலியை இயக்க ஜாவாஸ்கிரிப்டை அனுமதிக்க வேண்டும் என்று அர்த்தம். இடைவெளியோடு சேர்த்து 46 எழுத்து. முதல் வரியில் 40, அடுத்த வரியில் மீதி ஆறு. கீழே போனால் ஒன்றும் இல்லை, மேலே போனாலும் ஒன்றும் இல்லை. அந்த வாக்கியத்தை எழுதியது உங்கள் நிரலாளர்கூட இல்லை, அவர் பயன்படுத்திய கருவி தானாகப் போட்டுக் கொடுத்தது. அதைத் தமிழில் மாற்றவோ, "இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று ஒரு வரி சேர்க்கவோ யாருக்கும் தோன்றவில்லை. நண்பர் என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் கேட்டார்: "உனக்காவது வருதா?"

இப்படி எத்தனை பேர் இருப்பார்கள், இரண்டு பேருக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அதில் பார்வைக் குறை உள்ளவர்கள் மட்டும் 50 லட்சம். சரி, அதை விடுங்கள். எங்களை ஒதுக்கிவிட்டே பேசுவோம். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013-ல் ஒரு கணக்கு எடுத்தது. அவர்கள் பக்கத்துக்கு வருகிறவர்களில் 1.1 சதவீதம் பேருக்கு ஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை. ஸ்கிரிப்டை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தவர்களும் அது இல்லாத உலாவி வைத்திருந்தவர்களும் அதில் 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதம் பேரிடம் ஸ்கிரிப்ட் ஓட்டக்கூடிய உலாவி இருந்தது, இருந்தும் அவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. இணைப்பு அறுந்திருக்கும், வழியில் எதுவோ தடுத்திருக்கும், பழைய கைபேசியாக இருந்திருக்கும். அந்த 0.9-க்குள் யார் எப்போது விழுவார் என்று யாருக்கும் தெரியாது.

என் தங்கை விழுந்தாள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். நாணமேட்டில் வீடு, தென்பெண்ணை ஓரம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. மழை நின்றுவிட்டது என்று நாம் மூச்சு விட்ட நேரத்தில், டிசம்பர் 2-ஆம் தேதி விடிவதற்கு முன்பே சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் நம்மிடம்தான் வர வேண்டும். எங்கே போகலாம், எந்த இடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வாட்ஸ்அப்பில் ஒரு சுட்டி வந்தது. கரண்ட் இல்லை. கைபேசியில் சிக்னல் ஒரு கோடு. சுட்டியைத் தொட்டாள். "வெள்ளையா இருக்குண்ணா, ஒண்ணுமே வரல" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் இங்கே என் கணினியில் முயன்றேன், எனக்கும் ஒன்றும் வாசிக்கவில்லை. கண் தெரிந்தவளும் கண் தெரியாதவனும் ஒரே வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் தெருக்காரர்கள் கதவைத் தட்டிக் கூப்பிட்டுப் போனார்கள். என் அம்மா அன்றைக்கு அவளோடு இருந்தாள், வயது 78.

அந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது என்ன? பத்து ஊர்ப் பெயர், பத்துப் பள்ளிக்கூடப் பெயர், நாலு தொலைபேசி எண். வெறும் எழுத்தாகப் போட்டிருந்தால் ஒரு குறுஞ்செய்தி மாதிரி வந்து இறங்கியிருக்கும். தங்கை மகன் பிறகு அளந்து பார்த்தான். முதலில் சொன்ன கட்டணப் பக்கத்தில் பழையது ஏறத்தாழ 40 கேபி, புதியது 4 எம்பிக்குக் கொஞ்சம் மேல். நம் ஆட்கள் பலருக்கு அன்றாட டேட்டா தீர்ந்ததும் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் பழைய பக்கம் ஐந்து நொடியில் வரும். புதியது வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் நடுவில் அறுந்து போகாமல் இருந்தால்.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது, விதிகள் 2017-ல். அரசோ தனியாரோ, சேவை தருகிறவர்கள் இரண்டு வருடத்துக்குள் அணுகல் விதிகளுக்கு ஏற்பச் சேவையை மாற்ற வேண்டும் என்று அதன் 46-ஆம் பிரிவு சொல்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி, இணையச் சேவைகளை அணுகுவதும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அரசு இணையதளங்களுக்கென்று வழிகாட்டு நெறிகள் 2009-லிருந்து இருக்கின்றன. 2023-ல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் அரசியலமைப்பும் சொல்லிக் கொடுக்கிறேன். 21-ஆவது பிரிவை வகுப்பில் விளக்கிவிட்டு, அதே சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்கு என் பாஸ்வேர்டைக் கொண்டுபோகிறேன்.

பாதுகாப்புக்காகத்தான் ஸ்கிரிப்ட் என்று நீங்கள் சொல்லலாம். பணம் செலுத்தும் கடைசிக் கட்டம் வங்கியின் பக்கத்துக்குப் போகிறது, அங்கே ஸ்கிரிப்ட் இல்லாமல் முடியாமல் இருக்கலாம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு பாக்கி என்று பார்ப்பதற்கும், ரசீதை எடுப்பதற்கும், கவுன்டரில் கட்டச் சலான் எடுப்பதற்கும், புகார் கொடுப்பதற்கும், ஓர் அறிவிப்பைப் படிப்பதற்கும் ஸ்கிரிப்ட் எதற்கு? அறிவிப்பு என்றதும் இன்னொன்று. காகிதத்தை ஸ்கேன் செய்து படமாகப் போடுகிறீர்கள். இல்லாவிட்டால் பழைய வானவில் எழுத்துருவில் அடித்த பிடிஎஃப். அதைத் திரைவாசிப்பான் வாசித்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பைதான் காதில் விழுகிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில்தான் தமிழ் இருக்க வேண்டும் என்று தமிழக அரசு ஆணை போட்டது 2010-ல்.

நான் கேட்பவை இவை.

பழைய பக்கத்தை உடனே திரும்பத் திறந்துவிடுங்கள். புதியதை மூடச் சொல்லவில்லை. புதியது சரியாகும் வரை, முகப்பில் முதல் இணைப்பாக "எளிய பக்கம்" என்று வையுங்கள். அதைச் சேவையகத்திலிருந்து முற்றிலும் அழித்துவிடவில்லை என்று நம்புகிறேன்.

புதிய பக்கத்தில் எல்லாக் கட்டத்துக்கும் பெயர், பொத்தானுக்கு உண்மையான பொத்தான், பக்கத்துக்குத் தமிழ் என்ற குறிப்பு, தேதியைத் தட்டச்சு செய்ய வழி, படப் புதிருக்கு மாற்று. இவற்றை மூன்று மாதத்துக்குள் செய்யுங்கள். ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுத் திறந்தாலும் பாக்கி பார்ப்பது, சலான், ரசீது, புகார், அறிவிப்பு இவ்வளவும் வேலை செய்ய வேண்டும்.

வெள்ள காலத்துத் தகவல் பக்கங்களை வெறும் எழுத்தாக மட்டும் வெளியிடுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். இதில் தவணை கேட்காதீர்கள்.

இனிப் போடும் ஒப்பந்தப் புள்ளிகளில் ஒரு நிபந்தனை எழுதுங்கள்: மவுஸ் இல்லாமல், திரைவாசிப்பானோடு, ஸ்கிரிப்ட் இல்லாமல் என்று மூன்று விதமாகவும் சோதித்து, மாற்றுத்திறனாளி ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கடைசித் தவணைப் பணம். மென்பொருள் நிறுவனத்தாரே, இது உங்களுக்குக் கூடுதல் வேலை என்றால் அதற்கான தொகையையும் சேர்த்தே விலை கேளுங்கள். கேட்காமல் விட்டுவிட்டு, பிறகு நேரமில்லை என்று சொல்லாதீர்கள்.

உதவி எண்ணில் இருக்கும் பெண்ணுக்கு, இப்படிப் புகார் வந்தால் யாரிடம் அனுப்ப வேண்டும் என்று ஒரு பெயரும் ஒரு எண்ணும் கொடுங்கள். அந்தப் பெயரை இணையதளத்திலும் போடுங்கள்.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் நானும் முத்தியால்பேட்டை நண்பரும் வருகிறோம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்குப் பள்ளி இல்லை. அவர் பலகையை எடுத்துக்கொண்டு வருவார், வைக்க ஒரு மேசையும் பக்கத்தில் ஒரு பிளக்கும் இருந்தால் போதும். உங்கள் நிரலாளரையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். பதிலை எழுத்தாக அனுப்புங்கள், படமாக வேண்டாம்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியர்